ஒரே அப்பா, இரண்டு திதி

சென்னையில் காக்காய்கள் அருகிப்போன பிறகு, மிச்சமிருந்தவை நாள்காட்டிப்படிதான் பறந்தன. இன்று யார் வீட்டில் திதி என்று ஐஸ்லாந்துப் பனிக்குள் இருக்கும் சர்வர் சொல்லும். காக்காய் டாணென்று வந்து நிற்கும். ஊரிலுள்ள நாள்காட்டிகளையெல்லாம் அந்தச் சர்வரோடு இணைக்கும் மென்பொருளை எழுதியவன் வைத்தீஸ்வரன்.

அவன் வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம். தம்பி பசுபதிக்கு மாமனார் வீட்டு வழக்கப்படி வாக்கியப் பஞ்சாங்கம். அதனால் ஒரே அப்பாவுக்கு அடுத்தடுத்த நாளில் இரண்டு திதி. மென்பொருளோ ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பின்னதை அழித்துவிடும். அந்த யோசனைக்காகத்தான் அலுவலகத்தில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

திங்கட்கிழமை அண்ணன் வீட்டில் காக்காய் வயிறாரச் சாப்பிட்டுப் போனது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தம்பி போன் செய்தான்.

"அண்ணா, ஒரு காக்காகூட வரல. வீட்ல யாரும் இன்னும் பச்சத்தண்ணி குடிக்கல. ஆஸ்பத்திரில கிடந்தப்ப நான் எட்டிப் பாக்கலன்னு அப்பாவுக்கு இன்னும் கோபமாண்ணா?"

"சேச்சே, கொஞ்சம் பொறுடா."

தன் தப்பைச் சொல்ல நாக்கு எழாமல், அழிந்துபோன திதியை வைத்தீஸ்வரன் சத்தமில்லாமல் மறுபடி சேர்த்தான். உடனே ஒரு காக்காய் பசுபதி வீட்டு மாடியில் இறங்கியது. காலையிலிருந்து வீடுவீடாக வடை தின்றுவிட்டு வந்த காக்காய் அது.

மறுபடி போன். தம்பி தேம்பிக்கொண்டிருந்தான்.

"வந்தாருண்ணா. சோத்தப் பாத்தாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு."



"அடுத்த வருஷம் சாப்பிடுவாருடா" என்றான் வைத்தீஸ்வரன்.