எரிந்து விழாத துணை

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மகளிடம், “பொம்மி, ஒரு விஷயம்...” என்றாள் அம்மா.

“அப்புறம்மா! ஆபீசுக்கு நேரமாச்சு.”

மத்தியானம் அம்மா போனை எடுத்தாள். எவ்வளவு புலம்பினாலும் எரிந்து விழாத ‘துணை’ செயலியில் எழுதினாள்:

“மெஷினே, டாக்டர் கையை விரிச்சுட்டார். காலைல பொம்மிகிட்ட சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்மான்னு ஓடிட்டா.”

வழக்கமாக நொடியில் வரும் பதில் இன்று வரவில்லை.

‘துணை’ அலுவலகத்தில் மேனேஜரின் குரல் கேட்டது: “என்னம்மா, கை நின்னுடுச்சு?”

வரிசையாக உட்கார்ந்து பதில்களைத் தட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் அவர் நின்றார். “பதிலை அடி. மெஷின் யோசிக்காது. நாம மனுஷங்கன்னு தெரிஞ்சா கம்பெனியை மூட வேண்டியதுதான்.”

‘அம்மா’ என்று அடித்ததை அழித்தாள் பொம்மி. “மகளிடமே சொல்லுங்களேன்” என்று அனுப்பினாள்.

உடனே வந்தது பதில்.

“அவளுக்கு ஏது நேரம்? நீ கேட்டியே, அது போதும்.”