மூன்றாவது ஓட்டம்

"ஓடுடா நூன்ஸியோ, ஓடு!" என்று பின்னாலிருந்து தூரி கத்தினான். ஓடிக்கொண்டுதான் இருந்தேன். கத்துகிறவனுக்கு என்ன?

என் தோளில் ஆண்டவரின் சீடர் யோவான். மரச் சுரூபம்தான், ஆனால் என்ன கனம்! நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு சதுக்கத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட வேண்டும். இந்தக் கோடியில் உயிர்த்த ஆண்டவர் நிற்கிறார். அந்தக் கோடியில், சந்து முனையில், தலைமுதல் கால்வரை கறுப்பு முக்காடு போட்டு வியாகுல மாதா.

உயிர்ப்பு ஞாயிறு, உச்சி வெயில். ஊர் முழுக்க சதுக்கத்தில்தான் இருந்தது.

"அம்மா, உங்க மகன் எழுந்துட்டார்" என்று யோவான் ஓடிப்போய்ச் சேதி சொல்ல வேண்டும். மாதா நம்பமாட்டாள். மறுபடி ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். அப்போதும் நம்பமாட்டாள். மூன்றாவது தடவைதான் கிளம்பி ஓடி வருவாள். மகனைக் கண்ட நொடியில் அந்தக் கறுப்பு விழ வேண்டும். உள்ளேயிருந்து நீலமும் தங்கமும் பளிச்சென்று தெரிய வேண்டும்.

ஒரே இழுப்பில் விழ வேண்டும். சிக்கினால் அந்த வருஷம் ஊருக்கே கெட்டது.

ஊரை விடுங்கள். எனக்குக் கெட்டது. "மாதாவோட முக்காடு ஒழுங்கா விழட்டும். நானும் இந்த விதவைக் கறுப்பைக் கழட்டிட்டு உங்களுக்குப் பதில் சொல்றேன்" என்று செராஃபினா சொல்லியிருந்தாள்.

நான் என்ன கேட்டேன் என்பது ஊர் நாய்க்கும் தெரியும். ஐம்பத்தாறு வயசு, ஒரு ரொட்டிக்கடை, ஒரு தொப்பை. இந்த லட்சணத்தில் புருஷனை இழந்தவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தேன்.

முக்காட்டின் கயிறு யார் கையில்? அவள் மகன் கோஸிமோ கையில். அவன் அப்பா இருந்தவரை அவர் இழுத்தார், இப்போது இவன். என்னைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. கடைக்கு வந்தால் ரொட்டியின் முகத்தைப் பார்ப்பான், என் முகத்தைப் பார்க்கமாட்டான்.

முதல் ஓட்டம். செராஃபினா மாதாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். வாய் சும்மா இருக்குமா? "என்ன செராஃபினா, கட்டிக்கிறியா?" என்று கேட்டேவிட்டேன். சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

சனம் கொல்லென்று சிரித்தது. "மாப்ளே, நீ சுரூபம் தூக்க வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா?" என்றான் தூரி.

இரண்டாவது ஓட்டம். மறுபடி கேட்டேன். "முன்னாடி பார்த்து ஓடுங்க, புனிதர் விழுந்துடப் போறாரு!" என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. எனக்கு அது போதும், கால் தரையில் பாவவில்லை.

மூன்றாவது ஓட்டம். நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினேன். அதே நேரம் மேளமும் அதிர்ந்தது. அவள் வாய் அசைந்ததா இல்லையா, தெரியவில்லை. அதற்குள் மாதா கிளம்பிவிட்டாள். தூக்கியவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள், நாங்களும் பக்கத்திலேயே ஓடினோம். எதிரே ஆண்டவர் வந்துகொண்டிருந்தார். கோஸிமோ பின்னால் ஓடிவந்து எம்பி இழுத்தான்.

விழவில்லை.

மேளம் நின்றது. அத்தனை சனமும் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

அடப்பாவி, கழுத்தறுத்துவிட்டானே என்று நினைத்தேன். யோவான் மட்டும் தோளில் இல்லாவிட்டால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. கயிறு உள்ளங்கையை அறுக்க, இழுத்துக்கொண்டே இருந்தான். "அம்மா, வரமாட்டேங்குதும்மா!" என்று சின்னப்பிள்ளை மாதிரி அலறினான்.

செராஃபினா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தூக்குக் கட்டையில் காலை வைத்து ஏறி, மாதாவின் பிடரிக்குப் பின்னால் இரண்டு கையையும் விட்டாள். கையால் முடியாமல் பல்லால் கடித்தாள்.

கறுப்பு சரசரவென்று விழுந்தது.

ஐயோ, அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல! மணி, வேட்டு, மேளம், "உயிர்த்தார், உயிர்த்தார்" என்று ஊரே தொண்டை கிழியக் கத்தியது. பங்குச் சாமியார் அழுதார். தூரி என் காதிலேயே முத்தம் கொடுத்துத் தொலைத்தான். நானும் அழுதேன், எதற்கென்று கேட்காதீர்கள். அது ஒழுங்காக விழுந்ததில் சேருமா சேராதா என்று ஊர் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

செராஃபினா இறங்கி நேராக என்னிடம் வந்தாள். நான் சுரூபத்தின் அடியில், நகர முடியாமல் நின்றேன்.

"கோஸிமோவை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். "நேத்து மாதாவுக்கு உடுத்தினது நான். இழுத்தா அவிழுற சுருக்குதான் போடணும். நான் இறுக்கி முடிச்சு போட்டுட்டேன். வேணும்னேதான்."

பக்கத்தில் நின்ற கோஸிமோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயமா இருந்துச்சு. அழுகை பழகிப்போச்சு எனக்கு. நல்ல சேதி வந்தா என்ன செய்யறதுன்னு தெரியல."

மூச்சு வாங்கினாள். உதட்டில் முடிச்சின் கறுப்பு நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

"மூணாவது தடவை என்னமோ கேட்டீங்களே, மேளத்துல காதுல விழல" என்றாள். "இப்ப கேளுங்க."