சனிக்கிழமை ஒழுகல்

"மறுபடியும் ஒழுகுது, தம்பி."

ஊருக்குக் கிளம்பித் தோளில் பையை மாட்டிக்கொண்டு, படகிலிருந்து இறங்கும் ஏணியில் ஒரு காலை வைத்திருந்த தச்சர் அப்படியே நின்றார்.

"எந்த இடத்துல சார்?"

"அதே இடம்தான். கேபின் படுக்கைக்கு மேல. மெத்தையெல்லாம் நனைஞ்சு கிடக்கு" என்றார் படகின் சொந்தக்காரர்.

பக்கத்துப் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சனிக்கிழமை மதியம் பார்த்து ஒழுகுற படகை இங்கதான் பாக்கறேன். ஏம்ப்பா, நீ வேலையை ஒழுங்காத்தான் செய்யறியா?"

தச்சர் பையை இறக்கி வைத்துவிட்டுப் பசை டப்பாவை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறினார். சனிக்கிழமை பஸ்ஸைப் பிடித்து அப்பாவிடம் போய், ஞாயிறு முழுக்க இருந்துவிட்டுத் திரும்புவது அவர் வழக்கம். சில வாரங்களாக அந்த பஸ் அவர் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது.

படகின் சொந்தக்காரருக்குப் பட்டறையில் 'அட்மிரல்' என்று பட்டப்பெயர். ஆயுள் முழுக்கக் காப்பீட்டு ஆபீசில் நாற்காலியைத் தேய்த்தவர். குளத்தில்கூடப் படகு விட்டதில்லை. மனைவி இறந்த பிறகு ஒரு பழைய விசைப்படகை வாங்கிப் பட்டறையில் ஏற்றிவிட்டார். வெளியே பார்த்தால் மீன்பிடிப் படகு. உள்ளே படுக்கை, அடுப்பு, மேஜை என்று ஒரு குட்டி வீடு. அதில் மகனைக் கூட்டிக்கொண்டு கடலில் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை.

இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தாயிற்று. ஒயரிங் முழுக்க மாற்றியாயிற்று. கூரையில் சோலார் தகடு, சுக்கான் பிடிக்கும் இடத்தில் வழிகாட்டும் புதுத் திரை எல்லாம் வந்துவிட்டது. மேல்தளப் பலகை இடுக்குகளிலும் தச்சர் பசை அடைத்துவிட்டார். சனிக்கிழமைதோறும் ஹோஸைத் திறந்துவிட்டு மேல்தளத்தை நனைத்துப் பார்ப்பார்கள்; உள்ளே ஒரு சொட்டும் விழாவிட்டால் கிரேன் வந்து படகைத் தண்ணீரில் இறக்கிவிடும்.

அங்கேதான் எல்லாம் நின்றுகொண்டிருந்தது.

அட்மிரல் கேபினுக்குள் இறங்கியபோது போன் அடித்தது. மகன்.

"அப்பா, இந்த வாரமும் வர முடியலப்பா. கிளம்பற நேரம் பார்த்து மேனேஜர் ஏதாவது ஒரு வேலையைத் தலையில கட்டிடறார்."

"லீவு நாள்லகூடவா? வீட்ல ஒரு அப்பன் காத்துக்கிட்டு இருப்பான்னு அந்த ஆளுக்குத் தோணவே தோணாதா? மனசாட்சியே இல்லாத மனுஷன்."

"என்னப்பா பண்றது. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

சாப்பிடவில்லை. போனை வைத்துவிட்டு, குடிதண்ணீர்க் கேனைச் சாய்த்துக் குவளையில் தண்ணீர் பிடித்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். அந்தப் படகு ஒழுகவில்லை. முதல் முறை மட்டும் நிஜமாகவே ஒழுகியது. அன்று தச்சர் ஊருக்குப் போகாமல் இருந்துவிட்டார். இரண்டு பேருமாக டார்ச் அடித்து இடுக்கு இடுக்காகத் தேடினார்கள். டீ போட்டுக் குடித்தார்கள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. அட்மிரலுக்கு அந்தச் சாயங்காலம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தச்சர் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்ததும் அட்மிரல் யோசிக்க ஆரம்பித்தார். படகு இறங்கிவிட்டால் தச்சருக்கு இங்கே என்ன வேலை? அப்புறம் தன்னிடம் பேச யார் இருக்கிறார்கள்?

அடுத்த சனிக்கிழமை முதல் மெத்தையில் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை ஆயிற்று. தச்சர் பசை அடைத்து முடிக்கும் நேரம் இன்னொரு குவளை ஊற்றினால் இருட்டும்வரை இழுத்துவிடலாம்.

குவளையோடு அவர் படுக்கைப் பக்கம் போனபோது மேலே தச்சரின் போன் அடித்தது. கை முழுக்கக் கறுப்புப் பசை, அதனால் ஸ்பீக்கரில் போட்டார் போலிருக்கிறது. திறந்திருந்த வட்ட ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"கிளம்பிட்டியாப்பா?" வயதான குரல்.

"இல்லப்பா. சாரோட படகு மறுபடியும் ஒழுகுது."

"என்னடா இது, நீ அடைச்ச இடமா இத்தனை வாரம் ஒழுகுது?"

"ஒழுகலப்பா." தச்சர் குரலைத் தாழ்த்தினார். "பட்டறை ஹோஸ்ல துருத்தண்ணிதான் வரும். மேலேர்ந்து ஒழுகியிருந்தா மெத்தையில கறை விழுந்திருக்கணும். முதல் தடவை விழுந்ததைத் தவிர ஒரு கறைகூட இல்ல. அவரேதான் ஊத்திக்கிறார்."

அட்மிரல் குவளையைச் சாய்க்காமல் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார்.

"எதுக்குடா?"

"தனி ஆளுப்பா. பையன் வர்றதில்ல. நான் போயிட்டா பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது."

சற்றுமுன் மகனின் மேனேஜரைத் திட்டிய அதே வார்த்தை இப்போது தன் தலையில் விழப்போகிறது என்று அட்மிரல் நினைத்தார். விழட்டும் என்று காத்திருந்தார்.

"சரி, இருந்துட்டு நாளைக்கே வாப்பா" என்றது அந்தக் குரல். "நீ எப்படியும் வருவேன்னு எனக்குத் தெரியும். பாவம், அவர் பையன் வருவானான்னு அவருக்குத் தெரியாதில்ல."

அட்மிரல் குவளையில் இருந்த தண்ணீரைத் தானே குடித்தார்.

வட்ட ஜன்னலில் தலையை நீட்டினார்.

"தம்பி, ஒழுகல் நின்னுடுச்சு. பையை எடு. இப்ப போனாலும் பஸ் கிடைக்கும்."

தச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். "நல்லாப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். திங்கட்கிழமை கிரேனை வரச் சொல்லிடறேன், படகு இறங்கட்டும். வரும்போது உங்க அப்பாவையும் கூட்டிட்டு வா. முதல் சுத்து நான் அவரோட போகணும்."