ஆறாவது படம்

"தொடாதீங்கக்கா!"

ராகினி போட்ட சத்தத்தில் விஜயகலாவின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. சுவரில் படம் லேசாகச் சாய்ந்திருந்தது, நேராக்கிவிடலாம் என்றுதான் அவள் கையை நீட்டினாள்.

"கண்ணாடிக்கா, கைரேகை விழுந்துரும்" என்று சிரித்தபடி ராகினி தேத்தண்ணி போட உள்ளே போனாள். விஜயகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னவோ அவள் கையில் கரி பூசிக்கொண்டு வந்தது போல!

இருவரும் ஓரகத்திகள். விஜயகலா மூத்தவள், ராகினி இளையவள். யட்டியாந்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் லயத்து வரிசை அறைகளை விட்டுத் தனி வீடு கொடுத்தபோது, அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே அளவு, ஒரே பச்சைப் பெயின்டில் பக்கத்துப் பக்கத்திலேயே கிடைத்தது. உசத்தி தாழ்த்தி இல்லை என்று விஜயகலாவும் நிம்மதியாகத்தான் இருந்தாள், இந்தப் படம் வந்து தொலையும் வரை.

படமென்றால் சாமியுமில்லை, மனுஷருமில்லை. நீலத்தை வாளியோடு கொட்டி, நடுவில் மஞ்சளைத் தேய்த்து, குறுக்கே ஒரு தங்கக் கோடு இழுத்திருந்தது. ஆளுயரத்துக்குக் கறுப்புச் சட்டம் வேறு.

வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால்தான் வாயைப் பிளந்தார்கள். போன வாரம் அரசாங்கக் கந்தோரிலிருந்து மண்சரிவு அபாயம் பார்க்க வந்த சிங்கள அதிகாரி மாத்தயாவும் அப்படித்தான். மேல் வரிசையில் இனி வீட்டில் இருக்கக் கூடாது என்று இரண்டு குடும்பத்தை மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூட முகாமுக்குப் போகச் சொல்லிவிட்டு இறங்கி வந்த கறார் மனுஷன், ராகினி வீட்டில் படத்தைப் பார்த்து, "ஹரி லஸ்ஸனய்!" என்று சிங்களத்தில் அதன் அழகை மெச்சித் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்.

விஜயகலா வீட்டிலோ மூலை மூலையாக டோர்ச் அடித்தார், சுவரைத் தட்டினார், எல்லாம் சரியென்று எழுதிக்கொண்டு நடையைக் கட்டினார். அழகு என்று ஒரு வார்த்தை இல்லை. அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது ராகினி அடுப்படியில் இருக்கும்போதே ஜன்னலிலிருந்து சட்டம் வரைக்கும் அளந்து பார்த்தாள். ஒரு முழமும் நாலு விரலும். மனதில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் தீபாவளிச் சேலைக்கு வைத்திருந்த காசோடு பஜாரில் இறங்கினாள். கண்ணாடி வெட்டி, சட்டம் போட்டு விற்கும் புவாட் நானாவின் கடையில் அதே மாதிரிப் படங்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன.

"இது நல்லம் தங்கச்சி, சின்ன ஹோலுக்குக் கணக்கா இருக்கும்" என்று அவர் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"சின்னது வேணாங்க. எங்க ராகினி வாங்குனத விடப் பெருசு குடுங்க."

புவாட் நானா சிரித்தார். "உங்கட தோட்டத்துக்கு என்ன புடிச்சிருக்கு? அந்தப் பெரிய மழைக்குப் பொறகு இது ஆறாவது படம். எல்லாரும் பெருசுதான் கேக்குறாங்க."

ஆறாவது! சின்னவளைப் பார்த்து ஊரே வாங்கி மாட்டிவிட்டது, மூத்தவள் வீட்டுச் சுவர் மட்டும் மொட்டையாக நிற்கிறது. இருந்ததிலேயே பெரியதை, ரத்தச் சிவப்பில் ஒன்றை, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"இது என்னா படம்?" என்றான் அவள் கணவன் தங்கையா.

"மொடர்ன் ஆர்ட்."

"என்னாவோ இருந்துட்டுப் போகட்டும். நம்ம கல்யாணப் போட்டோவ எதுக்கு எறக்குற?"

"நம்ம மூஞ்சியப் பாக்க யாரு வர்றாங்க? பேசாம ஆணிய அடிங்க."

ஜன்னலிலிருந்து ஒரு முழமும் நாலு விரலும் அவளே அளந்து கொடுத்தாள். சுவர் கல்லு மாதிரி இருந்தது. மூன்று ஆணி வளைந்து, நாலாவதுதான் இறங்கியது. "நடுவுல மாட்டுனா என்னாடி?" என்று தங்கையா வியர்வையைத் துடைத்தான்.

"அதுதான் ஸ்டைலு. ஒங்களுக்குத் தெரியாது."

பிறகு வேலியோரம் போய் நின்று, "ராகினி, தேத்தண்ணி குடிக்க வா" என்று கூப்பிட்டாள். குரலில் தேன் வழிந்தது. அவள் முகம் சுருங்குவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும், பட்டபாட்டுக்கெல்லாம் அது ஒன்று போதும்.

ராகினி வாசற்படியில் கால் வைத்தாள், படத்தைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. விஜயகலாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"என்னா ராகினி, பேச்சையே காணோம்? நல்லா இல்லையா?"

ராகினி ரோட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கிட்டே வந்து விஜயகலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்களில் நீர் கட்டி நின்றது.

"ஒங்க வீட்டுச் செவரும் பொளந்திருச்சாக்கா?"