அத்தாவின் கியர் சைக்கிள்

சர்க்கரை குறையாவிட்டால் இனி ஊசிதான் என்று டாக்டர் மிரட்டியதும், அத்தா பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினார். மலையேறும் சைக்கிளாம். அதற்கு என்னைவிட வயது அதிகம்.

தினமும் காலையில் தள்ளிக்கொண்டு கிளம்புவார். கையெல்லாம் கிரீஸோடு திரும்புவார். அம்மா பூரித்துப்போவாள்.

மூன்று மாதம் கழித்து, அஸ்தம்பட்டி கிளினிக்கில் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "ஏறியிருக்கே பாய்" என்றார்.

"தினமும் சைக்கிளும் கையுமாத்தான் சார் இருக்கேன்."

அத்தா, அம்மா, நான் மூவரும் வெளியே வந்தால், சைக்கிள் கடை செந்தமிழன் தன் ரிப்போர்ட்டோடு நின்றிருந்தார்.

"எனக்குச் சர்க்கரை நல்லா இறங்கிடுச்சு பாய். எல்லாம் உங்க சைக்கிள் புண்ணியம்."

"அதெப்படிங்க?" என்றாள் அம்மா.

"தினமும் ஏதாவது ரிப்பேருங்க. சரி பண்ணி, ஏற்காடு அடிவாரம் வரைக்கும் நான் ஓட்டிப் பார்த்துட்டு வருவேன். பாவம் பாய், அதுவரைக்கும் டீயும் போண்டாவுமா கடையிலேயே காத்துக்கிட்டு இருப்பார்."