நாலு மணிக் கோளாறு

"மானத்தை வாங்கிட்டீங்க" என்றாள் மனைவி, கோழிப்பண்ணைக்காரரின் வண்டி தெருமுனை திரும்பியதும்.

மோட்டார் ரிப்பேர்காரன் வாசல் கேட்டை இழுத்துச் சாத்தினான்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த கோழிப்பண்ணைக்காரரிடம், தன் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் செய்து வைத்திருக்கும் மெஷினைப் பற்றி அளந்துவிட்டு, வீடு வரைக்கும் வரவழைத்திருந்தாள். ஆர்டர் கிடைத்தால் அடுத்தவன் கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதை விட்டுவிட்டு அவன் சொந்தக் கடை போடலாம்.

மெஷின் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளுயர சோலார் பேனல். அதன் தலையில் வெளிச்சத்தை உணரும் இரண்டு சென்சார், நடுவில் ஒரு தடுப்பு. எந்தப் பக்கம் வெயில் அதிகமோ அந்தப் பக்கம் திரும்பச் சொல்லி, தீப்பெட்டி அளவு மைக்ரோகன்ட்ரோலர் கட்டளை போடும். பழைய கார் வைப்பர் மோட்டார் முனகிக்கொண்டே திருப்பும். சொன்ன பேச்சு கேட்பதால் அவள் அதற்கு 'சமத்து' என்று பெயர் வைத்திருந்தாள்.

கோழிப்பண்ணைக்காரருக்குச் சமத்தைப் பிடித்துப்போயிற்று. எத்தனை வேண்டும் என்கிற பேச்சே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மணி நாலானது. வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே, பேனல் சூரியனை விட்டுவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டது.

"என்ன தம்பி, தூங்கப் போயிடுச்சு?"

"அது... அப்படித்தாங்க" என்றான் அவன், மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

"ராத்திரி குஞ்சுகளுக்கு விளக்கு எரியணும். சாயங்கால வெயிலை விட்டா எப்படி? அந்தக் கோளாறைச் சரி பண்ணிட்டு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இது தினமும் நடக்கிறதா என்று மனைவி கேட்டாள். தினமும்தான் என்றான். பிறகு ஏன் சரி பண்ணவில்லை என்றதற்கு, காபி போடட்டுமா என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மாடிக்கு ஏறி, கையால் இயக்கும் சுவிட்சை அழுத்தினாள். சமத்து முனகியபடி எழுந்து நின்றது.

"தம்பி, இன்னைக்கு வெயிலை விடலையாப்பா?"

குரல் பின்வீட்டு மாடி ஜன்னலிலிருந்து வந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத ஒரே மூலை என்று பேனலை நிறுத்தியிருந்த இடத்துக்கு நேர் எதிரே அந்த ஜன்னல்.

தையல்காரம்மா வீடு. இறுக்கிப் பிடித்த சட்டையை இவள் திருப்பிக் கொண்டுபோனபோது, "துணி அப்படியேதான் இருக்கு, நீதான் பெருத்துட்டே" என்று கடை நிறைய ஆட்கள் இருக்கையில் சொன்னவள். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக் கூடாது.

மனைவி பேனலின் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி, தையல்காரம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். விழுந்து காலை உடைத்துக்கொண்டதே இவளுக்குத் தெரியாது. மடியில் பாதி தைத்த துணி. இந்தச் சாயங்கால வெயிலைத் தவிர அந்த அறைக்கு வேறு வெளிச்சம் வர வழியில்லை. துணி மேல் இப்போது பேனலின் நிழல் கிடந்தது.

மனைவி சுவிட்சை மறுபடி அழுத்தினாள். பேனல் சாயத் தொடங்கியது.

"நல்லா இருப்பா" என்றது குரல்.

தையல்காரம்மா கண்ணில் படாமல் மனைவி சட்டென்று கீழே உட்கார்ந்துகொண்டாள். படிக்கட்டு வாசலில் அவன் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றான்.

"நம்ம வீட்டுல மட்டும்தான் இப்படி வச்சிருக்கேன், உங்களுதுல இருக்காதுன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

"எப்படிச் சொல்றது? நீ பக்கத்துலயே நின்னியே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த மனுஷன் மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்தாள்.

"சார், உங்களுக்குச் செய்யறது பொழுது சாயற வரைக்கும் நிமிர்ந்தே நிக்கும். எங்க வீட்டுல இருக்கறது நாலு மணிக்குப் படுக்கும். அது கோளாறு இல்ல சார்."

ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"கோளாறு எங்கிட்டதான் இருந்துச்சு."