பூஞ்சை பிரெட்டும் பதினெட்டாம் டோக்கனும்

“நான் பிழைச்சிடுவேனா, டாக்டர்?”

பதினெட்டாம் டோக்கனை மேசை மேல் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி நாற்காலியில் சரிந்தார் டிராயிங் மாஸ்டர். காலை நேரத்துக்கு அதுதான் கடைசி டோக்கன். “அவசரம்னா முன்னாடியே போங்க சார்” என்று நர்ஸ் சொல்லியும் கேட்காமல், இருமல்காரர், காது வலிக்காரர், கட்டுப் பிரிக்க வந்தவர் என்று எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உயிருக்குப் பயந்து வந்தவருக்கு அபாரமான பொறுமை.

டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து நிமிரவில்லை. “என்ன ஆச்சு?”

“பூஞ்சை பிடிச்ச பிரெட்டைத் தின்னுட்டேன். முழுசா ரெண்டு துண்டு. மூணாவதைக் கையில எடுத்தப்பதான் பார்த்தேன்.”

“என்ன நிறம்?”

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். “நடுவுல பாசிப்பச்சை டாக்டர். அதைச் சுத்திச் சாம்பல். ஓரத்துல பஞ்சு மாதிரி வெள்ளை, அதுக்குள்ள லேசா ஒரு நீலம்...”

“போதும். எப்ப சாப்பிட்டீங்க?”

“இன்னைக்குக் காலையில. எட்டு மணிக்கு.”

“பாக்கெட் எங்க இருந்துது?”

“அடுப்படி அலமாரியில, மேல் தட்டுல.”

டாக்டரின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது. “வாந்தி? வயித்துப்போக்கு? மூச்சு இழுக்குதா?”

“இதுவரைக்கும் இல்ல. ஆனா மனசு ஒரு மாதிரி இருக்கு.”

“மனசுக்கும் பிரெட்டுக்கும் சம்பந்தமில்ல. அந்தக் கட்டில்ல போய்ப் படுங்க.”

வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்தார் டாக்டர். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்துவதாக மாஸ்டருக்குப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

“பயப்படாதீங்க. தெரியாம ரெண்டு துண்டு தின்னா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சிலருக்குக் குமட்டும், வயிறு கலக்கும். மூச்சு இழுத்தாலோ, வாந்தி நிக்கலைன்னாலோ உடனே வரணும். இன்னொண்ணு, பூஞ்சையை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு மிச்சத்தைத் தின்கிற வேலையே வேணாம். கண்ணுக்குத் தெரியாம உள்ள வரைக்கும் ஓடியிருக்கும்.”

“பூஞ்சையிலேர்ந்துதானே டாக்டர் பென்சிலின் எடுக்கிறாங்க? அப்ப உடம்புக்கு நல்லதுன்னு...”

“அது வேற பூஞ்சை. அதுவுமில்லாம, பென்சிலின்தான் உங்களுக்கு ஆகவே ஆகாதே.”

மாஸ்டர் பெருமூச்சு விட்டு எழுந்து உட்கார்ந்தார். “எல்லாம் வீட்ல பேச்சுவார்த்தை நின்னு போனதால வந்த வினை, டாக்டர். என் மனைவி என்னோட பேசி இன்னையோட ஆறு நாளாச்சு. பேசியிருந்தா, ‘அதைத் தொடாதீங்க, கெட்டுப்போச்சு’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பா.”

“சும்மாவா பேச்சை நிறுத்தினாங்க?”

“மச்சான் வீட்டு விருந்துல, ‘இவளுக்கு வாயைத் திறந்தா மூடவே தெரியாது’ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

“அவங்க சிரிச்சாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் மூடிக்கிட்டா மட்டும் குத்தமா?”

மாஸ்டர் தலை குனிந்துகொண்டார். “தப்பு என் மேலதான். மன்னிப்புக் கேக்கலாம்னு போனா, அடுத்த ரூமுக்குப் போயிடுறா. அவ பேச்சு இல்லாம வீடு வீடாவே இல்ல, டாக்டர். குழாய் சொட்டுறதெல்லாம் காதுல விழுது. நாலு பேருக்கு முன்னாடி அவளை அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது.”

அது மட்டும் நடிப்பில்லை. பாவம், ஆறு நாளாகத் தொண்டையில் நின்ற பேச்சு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

“மருந்து ஏதாவது?” என்றார் மாஸ்டர் மெல்ல.

“வேணாம்.”

“அப்ப ஒரே ஒரு உதவி. ‘ரெண்டு நாளைக்கு மனைவி பக்கத்துலயே இருந்து, பேச்சுக் கொடுத்துப் பார்த்துக்கணும்’னு சீட்டுல எழுதிக் கொடுங்க. டாக்டர் சொன்னா அவ தட்ட மாட்டா.”

அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு டாக்டருக்குப் பீறிட்டுவிட்டது. சீட்டைக் கசக்கி மாஸ்டர் மேல் எறிந்தார்.

“நம்ம வீட்டு பிரெட்டை நேத்தே குப்பையில போட்டவ நான்தாங்க!”